மருந்தடித்த நாள்

கோழியைக் கூடையில் கவிழ்த்தாயிற்று.
நாயை றோஸ்லெட்டின் அக்கா வீட்டில் கட்டியாயிற்று.
கக்கூசுக்குப் புது வாளி, புது சோப்பு,
சோப்புக்கு மேலே கை கழுவும் படம்,
வேர்க்கிளம்பியில் லேமினேட் செய்தது.

ஒன்பதரைக்கு ஜீப் வந்தது.
இறங்கிய பெண்ணுக்கு என் மூத்தவள் வயதிருக்கும்.
சௌதாமினி, கோயம்புத்தூர்.
எங்கள் ஆளும் இல்லை,
வாங்குகிற கம்பெனி ஆளும் இல்லை,
மூன்றாம் தரப்பாம்.
அவள் வருவதற்கான கட்டணத்தைப்
பதினாலு விவசாயிகள் பங்கிட்டுக் கட்டியிருந்தோம்.

சானல் தண்ணீர் சோதித்த சீட்டைக் கேட்டாள்.
ஏத்தன் குலை வைக்கிற தார்ப்பாயை
முகர்ந்து பார்த்தாள்.
மருந்து அலமாரிக்குப் பூட்டு உண்டா,
சாவி யாரிடம்,
அடிக்கிறவர் முகமூடி எங்கே.
முகமூடி மடிப்புக் கலையாமல் இருந்தது.
அதையும் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பதிவேடு.

ஜனவரி தொடங்கி நவம்பர் வரை ஒரே நீலம்.
ஒரே ராத்திரியில் எழுதியது,
மகன் டெல்வின் சொல்லச் சொல்ல நான்,
நான் தூங்கி விழுந்தபோது அவன்.
என்ன பயிர், எத்தனை மில்லி,
அடித்த நாள், பறித்த நாள்.
நடுவில் எங்கும் பத்து நாள்,
கயிறு பிடித்து நட்ட வாழைக்கன்று மாதிரி.

அவள் விரல் ஒரு வரியில் நின்றது.
எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய
பங்குக் கோயில் காலண்டரைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
"ஏப்ரல் ஏழு பயறுக்கு மருந்து அடிச்சிருக்கீங்க.
அன்னைக்குப் பெரிய வெள்ளிங்களே?"

"இல்ல பிள்ளே," வாய் முந்திக்கொண்டது,
"அன்னைக்கு எங்க அன்பியத்துக்குச்
சிலுவை சொமந்தது நானாக்கும்."

அடுக்களை வாசலில்
றோஸ்லெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ எப்ப அடிச்சீங்க?"

அதட்டல் இல்லை.
பேனாவை மூடிவிட்டுத்தான் கேட்டாள்.

வியாழன்.
பாதம் கழுவும் பூசைக்குப் புறப்படும்போது
இரண்டு தரம் சோப்புப் போட்டும்
கையில் வாடை நின்றதே,
வியாழன்தான்.

வெள்ளி மத்தியானம் கோயில் கஞ்சிக்கு
முப்பது கிலோ பயறு நான் கொடுத்தது.
புதன் பறித்ததா,
வெள்ளி விடியலில் பறித்ததா?
தோரன் வைத்தது றோஸ்லெட்டும் நாலு பெண்களும்.
தட்டேந்தி நின்றது நானூறு பேர்,
முன்வரிசையில் மறைக்கல்விப் பிள்ளைகள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?
யாரிடம் போய்க் கேட்டேன்?
வயிற்று நோவுக்குக் குடிப்பதும் மருந்து,
பூச்சிக்கு அடிப்பதும் மருந்து,
நாக்குக்கு இரண்டும் ஒரே சொல்.

பெருங்குறை ஒன்று, சிறுகுறை நாலு.
சரிசெய்ய இருபத்தெட்டு நாள்.
கிளம்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் நீட்டினேன்.
வாங்கக் கூடாதாம்.
காசுக்கு?
அதுவும் கூடாதாம்.
பழத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

அவள் கொடுத்துப்போன தாளில் ஒரு கட்டம்:
குறைக்கான மூலகாரணம்.
இரண்டு வரிக்கு இடம்.
'பயிற்சி இல்லாமை' என்று போடப்பா,
எல்லாரும் அதுதான் போடுகிறார்கள் என்றான் டெல்வின்.
பேனாவை வாங்கி
அதை எழுதாமல் பதிவேட்டில் எழுதினேன்:

டிசம்பர் ஒன்பது. மருந்தில்லை.
வடக்கு வரப்பில் அசுவினி இருக்கிறது.
பறிக்கவில்லை.

கோழியைத் திறந்துவிட்டேன்.
அது நேரே போய்
தார்ப்பாயில் ஏறி நின்றது.

சாயங்காலம் பங்கிலிருந்து ஆள் வந்தான்,
கிறிஸ்மஸ் விருந்துக்கு எத்தனை கிலோ பயறு தருவீர் என்று.
எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

கிலோவை என்று நினைத்துக்கொண்டு போனான்.