யுக்ஸி

செவ்வாய்க்கிழமை விடியுமுன்
இரண்டு செயலிகள் ஒன்றாயின.
நீலச் சதுரம் ஹுமினாவுடையது,
கறுப்புச் சதுரம் நோர்டாலுடையது.
இனி இரண்டும் இல்லை,
சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.
பெயர் யுக்ஸி. எங்கள் ஃபின்னிஷில் ஒன்று என்று அர்த்தம்.

தாம்பெரேயில் நான்காவது மாடி.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
எட்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டும்போது
வரிசையில் நூற்று நாற்பது பேர்.

ஒரு கால்நடை மருத்துவமனை:
வரவேற்பறையின் பியானோ
அறுவை அறையிலும் கேட்கிறதாம்,
மயக்கத்திலிருந்த பூனை காதை அசைத்ததாம்.

ஒரு பல் மருத்துவர், குரலைத் தாழ்த்தி:
"நோர்டாலுக்கு நான் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.
ஹுமினா வாங்குகிறவர்களோடு
என்னை ஒரே பட்டியலில் வைக்கலாமா?"

அவரை அடுத்து ஓஸ்மோ லெஹ்தோவாரா.
"பொத்தான் எங்கே?" என்றார்.
மேலே வலது பக்கம், சார், மூன்று புள்ளிகளுக்குள்.
"பதினோரு வருஷமாகக் கீழே இடது மூலையில் இருந்தது.
எனக்குப் பார்வை இல்லை.
அந்த மூலை எனக்குக் கதவு மாதிரி.
ராத்திரியோடு ராத்திரியாகக்
கதவைப் பெயர்த்து
கூரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்."
என் குறிப்பேட்டில் இதற்குப் பதில் இருந்தது.
நான் அதைப் படிக்கவில்லை.

ஒரு பையன் மட்டும்
நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூப்பிட்டான்.
புகார் வகைகள் பதினேழில்
அதற்கு இடமில்லை.
'மற்றவை' என்று போட்டேன்.

மூன்று மணிக்கு இருட்டிவிட்டது.
குவோப்பியோவிலிருந்து ரெய்யா.
"என் வீட்டில் ஒரு அறை கூடியிருக்கிறது" என்றார்.
அனுமதி வாங்கி அவர் திரையைத் திறந்தேன்.
படுக்கையறை, சானா, கூடம்,
நான்காவதாக
அர்மாஸின் சமையலறை.

பிரிந்து நாலு வருஷம்.
அவர் ஹுமினாவை வைத்துக்கொண்டார்,
அர்மாஸ் போய் நோர்டால் வாங்கிக்கொண்டார்.
இரண்டுக்கும் அதே பழைய ஈமெயில்.
சட்டி பானை வரைக்கும் பங்கு பிரித்தவர்களுக்கு
இது ஞாபகம் வரவில்லை.

"அங்கே என்ன ஓடுகிறது?"
பெயரைப் படித்தேன்: மழை, எட்டு மணி நேரம்.
"மழையா?
குழாய் சொட்டினால் தூங்க மாட்டானே."
பிறகு கொஞ்சம் பொறுத்து,
"நான் ஒலியைக் குறைத்தால்
அவனுக்குத் தெரியுமா?"

தெரியும், மேடம்.
யார் குறைத்தது என்று தெரியாது.

அப்போதே நான் இணைப்பைத் துண்டிக்கும் வழியைச்
சொல்லியிருக்க வேண்டும். விதி ஒன்பது.
சொல்லவில்லை.
திரையில் அறுபத்திரண்டு
மெல்ல இறங்கி நாற்பதில் நின்றது.
இருநூறு மைலோ முந்நூறு மைலோ அப்பால்
ஒரு சமையலறையில்
மழை தூறலாகியிருக்கும்.

இருவரும் பேசவில்லை.
பக்கத்து மேசையில் யாரோ
பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது அறுபத்திரண்டாயிற்று.
சட்டென்று.

ரெய்யா சிரித்துவிட்டார்.
"அவனேதான். வேறு யாருமில்லை."

இனி விதிப்படி.
அறையின் பெயரை அழுத்திப் பிடியுங்கள்.
'இந்தச் சாதனத்தை மறக்கவா?' என்று கேட்கும்.
"கேட்கிறது" என்றார்.
ஆம் என்பதை அழுத்துங்கள்.
"இதை எழுதியது யார்?
உங்கள் ஆட்களா, அவர்கள் ஆட்களா?"
தெரியவில்லை, மேடம். இப்போது எல்லாரும் ஒன்றுதான்.

அழுத்தினாரா என்று நான் பார்க்கவில்லை.
அவர் திரையை மூடிவிட்டு
அழைப்பு நேரத்தைக் குறித்தேன்:
பத்தொன்பது நிமிடம், அனுமதித்தது ஆறு.
வகை என்ன என்று கேட்டது.
சுட்டி பதினேழின் மீதும் ஊர்ந்து திரும்பியது.

வரிசையில் இன்னும் எண்பத்தொன்பது பேர்.
வணக்கம், யுக்ஸி, சொல்லுங்கள் என்றேன்.
ஒருவர் கத்தினார்:
"என் பேஸ் எங்கே போச்சு?"