உரிமையாளர் கட்டம்

நெலமங்கலா கிடங்கில் இன்று மூன்றாவது டெமோ.
படம் காட்ட வெறுஞ்சுவர் கிடைக்காமல்
டயாப்பர் பெட்டி அடுக்கின்மேல் வேட்டி கட்டினோம்.
தும்கூர் ரோட்டு லாரிக் காற்றில்
மென்பொருள் லேசாக ஆடியது.

ஒன்பது பார்ட்டி, ஒன்பது விதமாய் பில்.
சோப்புக்காரருக்குப் பலகைக் கணக்கு
மருந்துக்காரருக்கு நாள் கணக்கு
பெயிண்ட்காரர் சரக்கு வெளியேறினால்தான் தருவார்,
அதுவும் அடுத்த மாதம்.
எல்லாவற்றுக்கும் குல்கர்னி
முடியும் சார், முடியும் சார்.

ஹொன்னம்மா அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தாள்.
போன தீபாவளி மழையில் லேபிள் கரைந்தது.
எட்டு மாதமாய்க் கேட்பாரில்லை.
பிரித்துப் பார்க்க எங்களுக்கு உரிமையில்லை.
நாற்பதாயிரம் பெட்டி கிடக்கும் இந்தக் கூரையடியில்
எங்களுடையது
டீத்தூள் டப்பா ஒன்றுதான்.

இதை ஏற்றுங்க, என்றேன்.

தட்டினார். உரிமையாளர் கட்டம் சிவந்தது.
ஒரு புள்ளி வைத்துத் தட்டினார்.
சிவந்தது.
'பேர் இல்லாம உள்ள விடாது சார்.'
நல்ல மனிதர். டீ குடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை வந்தவர்களுடையதையே வாங்கினோம்.
திரை அழுக்குப் பச்சை
கன்னடத்தில் எழுத்துப்பிழை
ரிப்போர்ட் வருவதற்குள் பீடி பிடித்துவிடலாம்.
ஆனால் அந்தக் கட்டத்தில்
'பிறகு' என்று எழுத விட்டது.

எஃப் வரிசை, பதினேழாம் அடுக்கு.
புது லேபிளை ஒட்டி
ஹொன்னம்மா ஸ்கேனரை நீட்டினாள்.
பீப்.

உள்ளே என்னவென்று
இன்னும் தெரியாது.
வாடகை ஓடுகிறது,
யார் கணக்கிலோ.