ஓரத்தில் பென்சில்

கோப்பு எண் 61.
பிரெஞ்சில் கேட்டிருக்கிறார்கள்
ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் ஓரங்களை மட்டும்.

புத்தகம், அமெரிக்கக் கவசப் படைப்பிரிவு ஒன்றின் போர் வரலாறு.
எந்தப் பிரிவு என்ற எண்ணை
ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.
உள்ளே வரைபடங்கள், சிவப்பு அம்புகள்,
அம்புக்கொரு தேதி,
தேதிக்கு இத்தனை டாங்கி, இத்தனை பாலம், இத்தனை கைதி.
ஓரங்களில் பென்சில் தமிழ்.
எழுதியவர் அமலோர் தைரியநாதன்,
பிரெஞ்சுப் படையிலிருந்து இரவலாகப் போன
பெட்ரோல் வண்டி ஓட்டுநர்.
என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்,
குடையில் மிஷன் வீதி மழை இன்னும் சொட்டுகிறது.

பக்கம் 88. "ஒரே பகலில் முப்பது மைல் முன்னேற்றம்."
ஓரத்தில்:
முப்பது மைலுக்கும் எண்ணெய் ஊத்தினது யார்?

பக்கம் 93. "எதிர்ப்பு சொற்பமே."
அந்தச் சொற்பத்தில் மொரேல் செத்தான்.
அவன் பாதி பிஸ்கோத்து என் சட்டைப் பையில்.

பக்கம் 104. "கடுங்குளிர்."
தகர டின்னில் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. பிய்த்தேன்.
தோல் டின்னோடு போச்சு,
டின் டாங்கியோடு போச்சு,
டாங்கி ரைன் பக்கம் போச்சு.
வீராம்பட்டினத்தில் யாரிடம் சொல்ல, பனி சுடும் என்று?

'சுடும்' என்பதற்கு நான் போட்ட சொல் அவருக்கு ஆகவில்லை.
"அது அடுப்பு சுடுறது" என்றார்.
அகராதியைத் தள்ளிவிட்டுக் கையை விரித்து வைத்தார்.
நடுவில் ரேகை இல்லாத ஓரிடம்,
எட்டணா அகலம்.

பக்கம் 112, புகைப்படம்.
கூரை போன மாதாகோயில், முன்னால் ஒரு ஷெர்மன் டாங்கி,
மேலே ஐந்து பையன்கள்.
கீழே ஐந்து பெயர், இடமிருந்து வலமாக.
முதல் பெயருக்கும் இடப்புறம், பனித்தரையில், ஒரு நிழல்:
தொப்பி, கையில் டின்.
புத்தகம் முழுக்க அவர் போட்ட ஒரே அம்பு அங்கே முடிகிறது.
நான், என்று.

"ஆள் எங்க, மிசியே?"
"படத்துக்கு வெளிய.
பதினோரு நாள் கழிச்சி அன்னிக்குத்தான் வெயில் வந்தது.
அதுல விழுந்துட்டேன்."

குழுவின் கேள்வி ஒன்றுதான்:
நூலில் விண்ணப்பதாரர் இடம்பெறுகிறாரா?

"நிழல்னே எழுதும்மா.
ஆள்னு எழுதினா அத்தாட்சி கேப்பான்."

எழுதினேன். மூலத்துக்குச் சரியானது என்று முத்திரை குத்தினேன்,
ஐப்பசி ஈரத்தில் மை கசிந்தது.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.
"அந்த மொரேல் வரிய எடுத்துடு."
ஏன் என்று கேட்டேன்.
குடையை விரித்துப் பார்த்தார், மடக்கினார்.
"அத வெச்சி நான் காசு கேக்கல."

தட்டச்சான பக்கத்தில் திருத்தத்துக்கு ஒரு விதி உண்டு.
கோடு போட்டு அடித்தேன்,
பக்கத்து ஓரத்தில், அவர் பென்சிலை வாங்கி
எழுதினேன்:
ஒரு வரி நீக்கப்பட்டது.
கையெழுத்து, தேதி.

பென்சிலில் செல்லாது என்று
அப்புறம்தான் நினைவு வந்தது.