முழங்கையில் ஒரு மடிப்பு

நவம்பரில் யாரும் தோல் ஜாக்கெட் வாங்குவதில்லை
கெமியில், ஃபின்லாந்தின் கடல் உறையும் மேல்முனையில்.
அதனால்தான் பாதி விலை.
வண்டி கொட்டகையில், தார்ப்பாய்க்குள்.
பாட்டரியைக் கழற்றி
படுக்கையறைக்குக் கொண்டுவந்தாயிற்று.
மே வரை அது தூங்கும்.
எனக்கு ஐந்தாறு மாதம் இருக்கிறது
இந்தத் தோலோடு பேசி முடிக்க.

முதல் நாள்
புது மாப்பிள்ளை முறுக்கு அதற்கு.
நாற்காலியில் வைத்தால்
ஆளில்லாமலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.
போட்டுக்கொண்டால் கைகள் இரண்டும்
உடம்பைவிட்டு விலகி நின்றன,
பனிப் பொம்மைக்குக் குச்சி செருகினதுபோல.
கழுத்துப்பட்டி தாடைக்குக் கீழே அறுத்தது.
காபிக் கோப்பையை எடுத்தேன்,
உதடுவரை வரவில்லை.
நான்தான் குனிந்து போனேன் அதனிடம்.

வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில்
ஆளுக்கொரு வைத்தியம்.
சவுனா அறையில் மாட்டு, தானாக மசியும் என்றாள் சினிக்கா.
(அப்புறம் அது ஜாக்கெட் இல்லை, கருவாடு.)
ரெய்யோ, சூப் அண்டாவைத் தேய்த்தபடி,
திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
வெதுவெதுப்பான நீரில் நனை.
ஈரத்தோடு போட்டுக்கொள்.
காயும்வரை கழற்றாதே.
காயும்போது நீ எப்படி இருக்கிறாயோ
அப்படியே நின்றுவிடும்.

அந்த ஞாயிறு மைனஸ் இருபத்து மூன்று.
ஷவருக்குக் கீழே நின்றேன்
ஜாக்கெட்டும் உள்ளாடையுமாக,
ஐம்பத்து மூன்று வயதில்.
கறுப்புச் சாயம் கால்வழி ஓடி
வடிகாலில் சுழன்றது.
நீரைக் குடித்துக் குடித்துக் கனத்த தோலில்
இடது தோள்பக்கம் ஒரு தழும்பு எழுந்தது.
எந்தப் பண்ணையிலோ
முள்கம்பியில் உரசிய மாடு.
எனக்கு முன்பே இதற்குள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

பிறகு சமையல்கட்டில் ஒரு ஸ்டூல்,
எதிரே இரண்டு நாற்காலி முதுகுகளின் குறுக்கே
துடைப்பக் கட்டை. அதுதான் ஹேண்டில்பார்.
பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன் நான்கு மணி நேரம்.
ஜன்னலுக்கு வெளியே பதினொன்றுக்கு விடிந்து
இரண்டுக்குள் இருட்டியது.
வளைவு வந்தால் சாய்ந்தேன்.
பக்கத்து வீட்டு ஈஸ்மோ
பனி வாரும் மண்வாரி கேட்டு வந்தார்.
தரையில் தேங்கிய கறுப்பு நீரைப் பார்த்தார்,
துடைப்பத்தைப் பார்த்தார்.
எங்கே போகிறாய்?
தோர்னியோ தாண்டியாயிற்று என்றேன்.
சாலை எப்படி?
வழுக்கல்.
தலையாட்டிவிட்டு மண்வாரியோடு போனார்.

இருபத்தாறு வருடம்
பின் சீட்டில் போனவள் நான்,
கலெர்வோவின் பழைய ஜாக்கெட்டில்.
அதைப் பழக்க வேண்டியிருக்கவில்லை.
ஏற்கெனவே பழகியிருந்தது, அவருக்கு.
என் முழங்கைக்கு மூன்று விரல் கீழே
அவர் முழங்கை மடிந்தே கிடந்தது.
மென்மைதான், மறுக்கமாட்டேன்.
அந்த மென்மைக்குள்
என் கை எங்கே மடங்குகிறது என்பதே
தெரியாமல் இருந்துவிட்டேன்.
போகும்போது ஜாக்கெட்டைக் கேட்டார்.
வண்டியைக் கேட்கவில்லை.
அதன் கடன் என் பெயரில்.

ஏப்ரல் கடைசியில்
குளிர்காலம் முழுக்கச் சாலையில் தூவிய சரளையை
நகராட்சி வண்டி கூட்டி எடுத்தது.
ஆணியில் தொங்கும் ஜாக்கெட்
காற்றில் எதையோ பிடித்திருப்பதுபோல்
கைகளை வளைத்திருக்கிறது.
நாற்காலிகள் இரண்டும் ஒரே உயரமில்லை,
அன்று நான் கவனிக்கவில்லை.
இடக்கை விரற்கடை மேலே மடிந்துவிட்டது.
இனி மாறாது என்கிறார் ரெய்யோ,
ஏதோ நல்ல செய்திபோல.

பெட்ரோல் பங்க்வரை போய்வந்தேன்.
பதினொரு கிலோமீட்டர்.
காகித ஆலையின் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை,
ஆற்றில் இன்னும் மிதக்கும் பனிப்பாளம்,
கையுறைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே
ஊசியாய் ஒரு காற்று.
திரும்பும்போதெல்லாம் தோல் முனகியது,
இடப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக.

வந்து, கழற்றாமலே காபி போட்டேன்.
கோப்பை இப்போது தாடைவரை வருகிறது.
மிச்சத்துக்கு
இன்னும் குனிகிறேன்.