இடப்பக்கம்

பந்தை அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் த்யாஷா.
வலது கை, பந்து, அழுத்தம்.
நினைத்தேன்.
திரையில் நீலப் பட்டை அசையவில்லை.

தலையில் முப்பத்திரண்டு துளை வைத்த தொப்பி,
துளைக்கு ஒரு சொட்டாகப் பசை. சில்லென்று இருக்கும்.
வெளியே கிராஸ் நகரத்து டிராம் வளைவில் கிறீச்சிட
என் இமை துடித்தது, கோடுகள் எகிறின.
அது மூளையில்லை, கண் என்று அழித்தாள்.
பல்லைக் கடித்தாலும் அழிப்பாள்.
கழுத்துக்குக் கீழே அசையாதவனைப் பார்த்து
அசையாதீர்கள் என்று அதட்டுகிற இடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

பந்தோடு வாழ்ந்தவனில்லை நான், பெண்ணே.
முப்பத்தோரு வருஷம் ப்ரூக் ரயிலில் டிக்கெட் பரிசோதகன்.
வலது கை என்றால் துளைக்கருவி.
க்ளிக்.
அட்டையிலிருந்து உதிரும் பொட்டு
சட்டைக் கைமடிப்பில் ஒளிந்து வீடுவரை வரும்.
அதை நினைத்தேன்,
அழுத்துவதை அல்ல,
அழுத்தியதும் வில் திருப்பித் தள்ளுமே, அதை.
பட்டை எழுந்தது.
எண்பத்து நான்கு! என்று கத்தினாள்.

விளக்கைப் போடக் கணக்கு:
முந்நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும்.
சில்லறை கொடுத்துப் பழகிய மண்டைக்கு அது ஒன்றுமில்லை.
நேரே போக எதையும் நினைக்கக் கூடாது.
நாலு வாரம் தின்றது அதுதான்.

இடப்பக்கம் திரும்பத்தான் வழியில்லை.
ஓடும் வண்டியில் கம்பியைப் பற்றிக்கொண்டு
சும்மா இருந்த கை.
பியானோ வாசியுங்கள் என்றாள். வாசித்ததில்லை.
முட்டையை உடையுங்கள், நாயைத் தடவுங்கள்.
திரையில் என் வண்டி
சுவரில் முட்டி முட்டி நின்றது.

டிசம்பரில் ஒரு வியாழன், களைத்துப்போன நேரம்,
நான் கூப்பிடாமல் அது வந்தது.
கெர்னோட்டுக்குப் பன்னிரண்டு வயது.
இரண்டாம் பெட்டி. கூட்டாளிகள் மூன்று பேர்.
டிக்கெட் இல்லை, அப்பாதானே என்ற சிரிப்பு.
என் வலது கையில் துளைக்கருவி இருந்தது.
அதனால் இடது.

பட்டை கூரையைத் தொட்டது. தொண்ணூற்றொன்று.
என்ன நினைத்தீர்கள்? விடாதீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்!
கதவு என்றேன்.
பெட்டிக் கதவைத் தள்ளினேன்.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்:
இடது, கதவு.

அன்றிலிருந்து தினமும் நாற்பது தடவை அடித்தேன்.
நேற்றைய என்னை இன்று காலை
இந்தப் பொறிக்கு அடையாளம் தெரியாது.
முதலிலிருந்து பழக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பத்து.
மெதுவாக அடித்துப் பார்த்தேன், எழவில்லை.
கன்னத்துச் சூடு உள்ளங்கையில் ஏறும்வரை
போயாக வேண்டும்.

மார்ச்சில் போட்டி.
நாலு ஊர், நாலு சக்கர நாற்காலி, திரையில் நாலு வண்டி.
கெர்னோட் வந்திருந்தான். தாடி நரைத்துவிட்டது,
மடியில் பாதி தின்ற ப்ரெட்செல்.
பாதையில் இடது திருப்பம் பதினொன்று.
பதினொன்றும் எடுத்தேன்.
அவன் எழுந்து நின்று கைதட்டுவது
ஓரக்கண்ணில் தெரிந்தது.
வலத்தில்தான் இரண்டு போயிற்று.
மூன்றாம் இடம்.

தலைப்பசையை அவனே அலசினான்,
நுரை கண்ணில் வழியாமல் என் நெற்றியில் கைவைத்து.
"இடது திரும்புறதுல
உங்கள அடிச்சுக்க ஆளில்லப்பா."
கோட்டில் என் கையை நுழைக்கும்போது
"இந்தக் கை இன்னும் கனமாத்தான் இருக்கு" என்றான்.
எதைச் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை
கதவை நினைத்துப் பார்த்தேன், நிஜமாகவே.
பித்தளைப் பிடி, சுரங்கம் வரும்போது நடுங்கும் கண்ணாடி,
தோளைக் கொடுத்தால்தான் நகரும் அந்தத் தண்டவாளம்.
ஐம்பத்திரண்டு.
காசைச் சுண்டினாலும் அவ்வளவு வரும்.

இன்னொரு தடவை
என்றேன் த்யாஷாவிடம்.