மழை கேட்டு வந்தவர்

மொராயஸ் என்று பதிவேட்டில் எழுதினார்.
கொட்டாஞ்சேனை.
எண்பத்தாறு நவம்பர் மூன்று, பின்னேரம்,
அங்கே மழை பெய்ததா?
கேள்வி அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்பதில்லை எங்கள் மேசையில்.

கட்டி வைத்த பத்திரிகையில் ஏழாம் பக்கம் இல்லை,
யாரோ பிளேடால் நறுக்கிப் போயிருக்கிறார்கள்.
பௌத்தாலோக மாவத்தைக்குப் போன் எடுத்து
வானிலைக்காரரின் பழைய கொப்பிகளைக் கிளறச் சொன்னேன்.
காத்திருக்கையில் ஒரு பொடியன்
டொய்லெட் எந்தப் பக்கம் என்றான்.
காட்டினேன்.

பதினான்கு மில்லிமீட்டர்.
நாலு மணிக்குப் பிறகு.

பஸ் டிக்கட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார்.
இரண்டு தரம் வாசித்தார்.
"அப்ப அவள் பொய் சொல்லேல்லை."

வெளியே கொளுத்தும் வெயிலுக்குள் இறங்கிப் போனார்.
நாட்கணக்கில் எழுதினேன்:
வந்த கேள்விகள் இரண்டு.
பதில் கொடுத்தவை இரண்டு.