இன்னும் அவர் பெயரில்

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வீடு என்னுடையதானது.
பதினேழு இடங்களில் கையெழுத்து.
ஒரு வளையத்தில் நான்கு சாவிகள்,
அதில் ஒன்று எதையும் திறக்கவில்லை.

தண்ணீருக்கு நகராட்சியில் படிவம் கொடுத்தேன்.
எரிவாயுவுக்குப் போன் செய்தேன்.
குப்பை வியாழன்தோறும், நீல மூடித் தொட்டியில்.
மின்சாரத்தை மட்டும் மறந்துபோனேன்.
மறந்ததும் தெரியவில்லை.
சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது.
எரிகிற விளக்கை
நீ யாருடையது என்று எவர் கேட்பார்?

டுலூத்தில் ஜனவரி என்றால்
ஏரியிலிருந்து மேடேறி வரும் காற்று
சாவித் துவாரம் வரை வந்து விசாரிக்கும்.
குழந்தைக்கு அப்போது மூன்று மாதம்.
இரண்டேகாலுக்கு எழுவான்,
கடிகாரத்துக்குச் சம்பளம் கொடுப்பவன் போல.
கெட்டிலைத் தட்டுவேன், பால் புட்டியை
வெந்நீரில் நிறுத்துவேன்,
ஜன்னலில் என் முகம் பார்த்து
அது யாரென்று யோசிப்பேன்.

மார்ச்சில்தான் உறைத்தது: பில்லே வரவில்லை.
நாற்பது நிமிடம் காத்திருப்பு இசை கேட்டேன்.
"அந்த முகவரி இன்னும்
ஆர்விட் லிண்ட்குவிஸ்ட் பெயரில்தான் இருக்கிறது, அம்மா.
பாக்கி எதுவும் இல்லை."

ஊரார் வீட்டு நெய்யே என்று
இரண்டு மாதம் எரித்திருக்கிறேன்.

பாலத்துக்கு அந்தப்பக்கம்
சுப்பீரியரில் மூன்றாவது மாடியில் இருந்தார்.
நான் மன்னிப்பை முடிப்பதற்குள்
"தெரியும்" என்றார், "முதல் வாரமே தெரியும்."

அவர் கைபேசியில் ஒரு வரைபடம் வருமாம்,
மணிக்கு மணி என் வீடு.
"ராத்திரி ரெண்டேகாலுக்குச் சின்னதாய் ஒரு மேடு.
எலி வயரைக் கடிக்கிறதோ என்று நினைத்தேன்.
நாலாம் நாள் புரிந்தது, குழந்தை."
கொஞ்சம் இருமினார்.
"பிப்ரவரி ஒன்பது, விடியும்வரை மேடு இறங்கவே இல்லை.
காய்ச்சலா?"

காய்ச்சல்தான்.
ஹீட்டரைத் தொட்டிலருகே இழுத்துவைத்து
ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்த அந்த இரவை
ஃபார்கோவில் இருக்கும் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.
நட்டநடுப் பகலில் எழுந்துபோய்
திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.
கோபம் வந்தது.
கூடவே வந்த இன்னொன்றுக்கு
நான் பெயர் வைக்கவில்லை.

"நிறுத்தச் சொல்லப் போனை எடுப்பேன்.
நாளைக்கு என்று வைத்துவிடுவேன்.
இங்கே என் வரைபடம்
ஒரே நேர்க்கோடு" என்றார்.
பிறகு, கணக்காக,
முந்நூற்றுப் பதினெட்டு டாலர் நாற்பது சென்ட் என்றார்.

செக் அனுப்பினேன். மறுநாளே மாற்றிக்கொண்டார்.
அது எனக்குப் பிடித்திருந்தது.

நாலாவது சாவியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

மறுபடியும் காத்திருப்பு இசை.
ஆர், ஏ, எஸ், எம், யு,
இரண்டு எஸ், ஆமாம், இரண்டு.
என் பெயரை ஒரு பெண்
எங்கோ விசைப்பலகையில் தட்டுவது கேட்டது.
இந்த ஊரில் என் பெயர் மட்டும் தனியாக
அச்சாகப்போகும் முதல் காகிதம்.
"வியாழன் முதல் உங்களுடையது.
பழைய விவரங்கள் உங்களுக்குத் தெரியாது, அம்மா.
உங்கள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்."
அப்படியானால் பிப்ரவரி ஒன்பது?
"அது முந்தைய வாடிக்கையாளருடையது."

என் மகனின் முதல் காய்ச்சல்
ஆர்விட் லிண்ட்குவிஸ்ட்டின் கணக்கில் இருக்கிறது.

புதன் அதிகாலை குழந்தை எழவில்லை.
இப்போதெல்லாம் விடியும்வரை தூங்குகிறான்.
இரண்டேகாலுக்கு நான் எழுந்தேன்.
கெட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றித் தட்டினேன்.
குடிப்பதற்கில்லை.
கொதித்து அடங்கும்வரை
பக்கத்தில் நின்றேன்.